ஒரு கிறித்தவரின் விடுதலை

ஒரு கிறித்தவரின் விடுதலை என்பது, ஜெர்மனியில் தோன்றிய கிறித்தவச் சீர்திருத்த இயக்கத்தின் முன்னோடியான மார்ட்டின் லூதர் (1483–1546) எழுதிய இறையியல் நூல் ஆகும். இது 1520 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலத்தீன், ஜெர்மன் ஆகிய இரு மொழிகளிலும் விட்டன்பெர்க் நகரில் வெளியானது. கடவுள் முன்னிலையில் தன் தகுதியைத் தானே ஈட்டிக் காட்ட வேண்டிய கட்டாயம் மனிதருக்கு இல்லை என்பதும், அக்கட்டாயத்திலிருந்து விடுபட்டவர் தாம் வாழும் நிலையில் இருந்துகொண்டே பிறருக்கு மனமுவந்து தொண்டாற்ற இயலும் என்பதும் இந்நூலின் மையக் கருத்துகள் ஆகும். லூதர் 1520 இல் வெளியிட்ட மூன்று முதன்மையான சீர்திருத்த நூல்களுள் இது இறுதியானது.

பின்னணி

லூதர் 1505 இல் எர்ஃபர்ட் நகரில் இருந்த அகுஸ்தீனார் துறவு மடத்தில் சேர்ந்தார். நோன்பு, இரவு விழிப்பு, அடிக்கடி செய்த பாவ அறிக்கை ஆகியவற்றைக் கடுமையாகக் கடைப்பிடித்தும் தாம் கடவுளுக்கு ஏற்றவர் என்னும் உறுதி அவருக்குக் கிடைக்கவில்லை. பின்னர் விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தில் விவிலியம் கற்பிக்கையில், குறிப்பாகப் புனித பவுல் உரோமையருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய திருமுகங்களை ஆராய்கையில், மனிதர் தம் செயல்களால் அன்றி நம்பிக்கையினாலேயே கடவுளுக்கு ஏற்புடையவர் ஆகின்றனர் என்ற முடிவுக்கு வந்தார். கலாத்தியர் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம் கிறித்தவ விடுதலையைப் பற்றிப் பேசுகிறது. சீர்திருத்தத் திருச்சபைகளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இவ்விடுதலை 'சுயாதீனம்' என்னும் சொல்லால் குறிக்கப்படுகிறது.

1517 இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து லூதர் வெளியிட்ட 95 கோட்பாடுகள், உரோமைத் திருச்சபையுடன் அவருக்கு மோதலை ஏற்படுத்தின. 1520 ஜூன் 15 அன்று திருத்தந்தை பத்தாம் லியோ பிறப்பித்த ஆணை, லூதரின் 41 கூற்றுகளைக் கண்டித்து, அவற்றைத் திரும்பப் பெற 60 நாள் கெடு விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் திருத்தந்தையின் தூதர் கார்ல் ஃபான் மில்டிட்ஸ் லூதரைச் சந்தித்துச் சமரசத்துக்கு முயன்றார். அதன் விளைவாக, திருத்தந்தைக்கு ஒரு திறந்த மடலும் அதனுடன் இந்நூலும் எழுதப்பட்டன. ஆணை ஜெர்மனியில் வெளியிடப்படுவதற்கு முன்பே எழுதப்பட்டதாகத் தோன்றும் வகையில் மடலுக்குச் செப்டம்பர் 6 ஆம் நாள் இடப்பட்டது. மடலில் லியோவைத் தனிப்பட்ட முறையில் தாக்குவதைத் தவிர்த்த லூதர், உரோமை நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடினார். சமரச முயற்சி பயனளிக்கவில்லை. 1520 டிசம்பர் 10 அன்று லூதர் ஆணையை எரித்தார். 1521 ஜனவரி 3 அன்று அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார்.

உள்ளடக்கம்

நூல் ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றும் இரு கூற்றுகளுடன் தொடங்குகிறது. கிறித்தவர் எவருக்கும் கட்டுப்படாத தலைவர் என்பது முதலாவது. அவரே எல்லாருக்கும் கட்டுப்பட்ட பணியாளர் என்பது இரண்டாவது. இவ்விரண்டும் ஒரே மனிதருக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை விளக்குவதே நூலின் நோக்கம். ஜெர்மன் பதிப்பு 30 சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது.

முதற்பகுதி 'அக மனிதர்' பற்றியது. உண்ணாநோன்பு, சிறப்பு உடை, திருப்பயணம் போன்ற புறச்செயல்கள் ஒருவரின் உள்ளத்தை விடுவிப்பதில்லை. அதேபோல் நோய், சிறை, பசி போன்ற புறத் துன்பங்கள் அவ்விடுதலையைப் பறிப்பதும் இல்லை என்கிறார் லூதர். மணமகனும் மணமகளும் தம் உடைமைகளைப் பகிர்ந்துகொள்வது போல, நம்பிக்கையின் வழியாக மனிதரின் பாவம் கிறித்துவுக்கும் கிறித்துவின் நேர்மை மனிதருக்கும் உரியதாகிறது என்பது இப்பகுதியின் முதன்மையான உவமை ஆகும். நம்பிக்கை கொண்ட அனைவரும் குருக்களே என்ற 'பொதுக் குருத்துவம்' பற்றிய கருத்தும் இங்கு இடம்பெறுகிறது.

இரண்டாம் பகுதி 'புற மனிதர்' பற்றியது. நற்செயல்கள் தேவையற்றவை என்று லூதர் கூறவில்லை. நல்ல மரமே நல்ல கனி தருகிறது. கனி மரத்தை நல்லதாக்குவதில்லை. அவ்வாறே நற்செயல் ஒருவரை நல்லவர் ஆக்குவதில்லை, நல்லவரிடமிருந்து நற்செயல் தோன்றுகிறது என்று அவர் விளக்குகிறார். கடவுளிடம் ஈட்ட வேண்டியது எதுவும் எஞ்சாததால், ஒருவருடைய உழைப்பு முழுவதும் அயலாரின் தேவைக்கே உரியதாகிறது.

வாழ்க்கை நிலைகள்

இடைக்காலத் திருச்சபையில் துறவற வாழ்வு இல்லற வாழ்வைவிட மேலானதாகக் கருதப்பட்டது. 'அழைத்தல்' என்னும் சொல்லும் பெரும்பாலும் துறவியருக்கும் குருக்களுக்கும் உரியதாகவே இருந்தது. லூதர் இந்நூலின் கருத்தைத் தொடர்ந்து வளர்த்து, பெற்றோர், பிள்ளைகள், பணியாளர், கைவினைஞர், ஆட்சியாளர் ஆகிய அனைவரின் நிலையும் கடவுளின் அழைத்தலே என்றார். ஒருவர் கடவுளுக்கு உகந்தவராவதற்கு வேறொருவராக மாற வேண்டியதில்லை என்பது இதன் பொருள்.

துறவற வார்த்தைப்பாடுகள் பற்றி 1521 இல் எழுதிய நூலில், அவற்றைக் கட்டாயமாகவோ மீட்புக்கான வழியாகவோ கொள்வதை அவர் எதிர்த்தார். எனினும், விரும்பித் துறவு வாழ்வில் நிலைத்திருப்போரை அவர் தடுக்கவில்லை. திருமண வாழ்வு பற்றிய 1522 ஆம் ஆண்டு நூலில், குழந்தையின் அணையாடையைத் துவைக்கும் தந்தையைப் பிறர் எள்ளி நகையாடினாலும், நம்பிக்கையுடன் செய்யப்படும் அப்பணி கடவுளை மகிழ்விக்கிறது என்று குறிப்பிட்டார். நிம்ப்ஷென் மடத்திலிருந்து 1523 இல் வெளியேறிய கத்தரீனா ஃபான் போரா 1525 இல் லூதரை மணந்து, வீடு, வேளாண்மை ஆகியவற்றுடன் மதுவடிப்பையும் நிர்வகித்தார்.

உழவர் எழுச்சி

விடுதலை உள்ளத்துக்கு மட்டும் உரியதா, சமூக வாழ்வுக்கும் உரியதா என்னும் கேள்வி விரைவிலேயே எழுந்தது. 1525 மார்ச்சு மாதம் மெம்மிங்கன் நகரில் உழவர்கள் வகுத்த பன்னிரு கோரிக்கைகளுள் மூன்றாவது, கிறித்து அனைவரையும் மீட்டுள்ளதால் பண்ணையடிமை முறை நீங்க வேண்டும் என்று கோரியது. ஆட்சியாளரின் கொடுமைகளைக் கண்டித்த லூதர், இக்கோரிக்கையை ஏற்க மறுத்தார். ஆன்மிக விடுதலையை உலகியல் விடுதலையாகத் திரிப்பது தவறு என்றும், அடிமையும் கிறித்தவ விடுதலையைப் பெற்றிருக்க முடியும் என்றும் வாதிட்டார். பின்னர் கிளர்ச்சியாளர்களை இரக்கமின்றி அடக்குமாறு எழுதினார். இவ்வெழுச்சியில் 1 இலட்சம் பேர் வரை உயிரிழந்திருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது.

விமர்சனங்கள்

லூதர் எல்லா வாழ்க்கை நிலைகளுக்கும் சம மதிப்பு அளித்தபோதும், அவற்றுக்கிடையிலான அதிகாரப் படிநிலையை மாற்றவில்லை. மனைவி கணவனுக்கும், பணியாளர் தலைவருக்கும் கீழ்ப்படிய வேண்டும் என்றே கற்பித்தார். மெய்யியலாளர் எர்பர்ட் மார்க்கூசா, 1936 இல் வெளியான ஆய்வில், அக விடுதலையையும் புற விடுதலையையும் பிரித்ததன் மூலம் இந்நூல் அதிகாரத்துக்குப் பணிவதை நியாயப்படுத்தியது என்று வாதிட்டார். லூத்தரன் இறையியலாளரான டீட்ரிக் போன்ஹோஃபர் 1937 இல் எழுதிய நூலில், கடவுளின் அருளைக் காரணம் காட்டிக் கிறித்துவைப் பின்பற்றும் கடமையைக் கைவிடும் போக்கைக் கண்டித்தார்.

பிற்கால வளர்ச்சி

கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம், மனிதர் கடவுளுக்கு ஏற்புடையவர் ஆவது குறித்த தன் போதனையை 1547 இல் வரையறுத்து, நம்பிக்கை மட்டுமே போதும் என்ற கருத்தை மறுத்தது. நான்கு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நீடித்த இக்கருத்து வேறுபாடு பற்றி, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. மனிதர் தம் தகுதியால் அன்றிக் கடவுளின் அருளாலேயே ஏற்கப்படுகின்றனர் என்பதையும், நற்செயல்கள் அதன் கனிகள் என்பதையும் இரு தரப்பினரும் அதில் ஒப்புக்கொண்டனர். உலக மெதடிஸ்டு மன்றம் 2006 இல் இவ்வுடன்பாட்டில் இணைந்தது.