சாணைக்கல்லும் தண்ணீரும்



மின்சாரச் சாணையில் செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளைப் பிடிக்கிறோம். பொறி பறக்கிறது. இரண்டே நிமிடத்தில் வாய் பளபளக்கிறது. விளிம்பில் மட்டும் நீலமாக ஒரு கோடு விழுந்திருக்கிறது. அதைப் பெரிதாக நினையாமல் மறுநாள் வேலைக்கு எடுத்துச் செல்கிறோம். நாலு குலை அறுப்பதற்குள் கூர் மழுங்கிவிடுகிறது. கை நோகிறது, கூலியும் குறைகிறது. "இரும்பு சரியில்லை" என்று கடைக்காரரைக் குறை கூறுகிறோம். உண்மையில் குற்றம் அந்த நீலக் கோட்டில்தான் இருக்கிறது. அதன் வரலாற்றை இன்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் ஷெபீல்டு என்றொரு நகரம் உண்டு. கத்தி, கத்தரிக்கோல், அரிவாள் ஆகியவற்றுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே ஓடும் சிற்றாறுகளில் நீர்ச்சக்கரம் அமைத்து, அதைக் கொண்டு பெரிய மணற்பாறைச் சாணைக்கற்களைச் சுழற்றினார்கள். போர்ட்டர் ஓடைக்கரையில் உள்ள ஷெப்பர்ட் சாணைப் பட்டறை இன்றும் அருங்காட்சியகமாகக் காக்கப்பட்டு வருகிறது. கல்லின் அடிப்பாகம் தண்ணீர்த் தொட்டிக்குள் சுழலும். ஈரக் கல்லில் உரசுவதால் கத்தி சூடேறாது.

சூடேறினால் என்ன கெட்டுவிடும்? கொல்லர் எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்க்கிறார். எஃகு கடினமாகிறது, ஆனால் கண்ணாடிபோல் உடையும். ஆகவே மீண்டும் இளஞ்சூடு காட்டி, உடையாத பதத்துக்குக் கொண்டுவருகிறார். அந்தப் பதத்துக்கு மேல் சூடு போனால் கடினம் குறைந்துவிடும். எஃகின் நிறமே இதைக் காட்டிக்கொடுக்கும். ஏறத்தாழ 230 பாகை செல்சியசில் வெளிர் வைக்கோல் நிறம், அதற்கு மேல் பழுப்பு, பிறகு ஊதா, 300 பாகையளவில் நீலம். நீலம் கண்ட கத்திவாய் பதம் இழந்த வாய்.

ஷெபீல்டில் தண்ணீர் எஃகை மட்டும் காக்கவில்லை. முள்கரண்டி போன்ற சில பொருள்களை அங்கே உலர்ந்த கல்லில் தீட்டினார்கள். கல்தூளும் இரும்புத்தூளும் தொழிலாளரின் நுரையீரலில் போய்ப் படிந்தன. உலர்ந்த கல்லில் வேலை செய்தவர்கள் சராசரி 35 வயதைக்கூட எட்டுவது அரிது என்றும், ஈரக் கல்லில் வேலை செய்தவர்கள் 45 வயதைத் தாண்டுவது அரிது என்றும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பட்டது. ஈரக் கல்லும் முழுக் காப்பு அளிக்கவில்லை. ஆயினும் ஒரு தொட்டித் தண்ணீர் பத்து ஆண்டு வாழ்வைக் கூட்டியது என்றால் அது சிறிய செய்தியா?

பிறகு வேகத்தின் காலம் வந்தது. 1891இல் அமெரிக்கரான எட்வர்டு ஆச்சிசன், களிமண்ணையும் கரியையும் மின் உலையில் சேர்த்துக் கார்போரண்டம் என்னும் மிகக் கடினமான பொருளைச் செய்தார். இத்தகைய செயற்கைத் தூள்களால் சாணைச் சக்கரங்கள் பிறந்தன. மின்மோட்டாரும் சேர்ந்தது. 15 சென்டிமீட்டர் சக்கரம் நிமிடத்துக்கு 2,900 சுற்றுச் சுழன்றால், அதன் விளிம்பு விநாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் எஃகை உரசுகிறது. தொட்டி மறைந்தது, சூடு வந்தது. மெல்லிய விளிம்பில் அந்தச் சூடு பரவி ஓட இடமில்லை. கண் இமைக்கும் நேரத்தில் நீலம் ஏறிவிடுகிறது.

அறிவியல் இதற்கும் ஒரு வழி கண்டது. அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில் டெய்லர், வைட் என்னும் இருவர் உருவாக்கிய அதிவேக எஃகு, 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் காட்டப்பட்டது. முனை சிவக்கச் சூடேறியும் அது இரும்பைச் சீவிக்கொண்டே இருந்தது. ஆனால் நம் பாராங்கும் அரிவாளும் பொதுவாகச் சாதாரணக் கரிம எஃகுதான். அவற்றுக்குப் பழைய விதியே பொருந்தும்.

ஆகவே சாணைக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்வோம். கத்தியை அழுத்தாமல், ஓரிடத்தில் நிறுத்தாமல், மெல்ல நகர்த்துவோம். ஓரிரு முறை உரசியதும் தண்ணீரில் நனைப்போம். நிறம் மாறிய பிறகு நனைப்பதால் இழந்த பதம் திரும்பாது. நீலத்தைத் தேய்த்து மறைத்தாலும் உள்ளே மென்மை இருக்கும். அந்தப் பகுதியைக் குளிரக் குளிர முழுவதும் தீட்டி எடுத்துவிட வேண்டும். சக்கரத்தின் முகம் அடைபட்டு வழவழப்பானால் அதுவே சூட்டைக் கூட்டும். அதைச் சீர்செய்துவிட்டுத் தீட்டுவோம். கடைசிக் கூரைக் கைக்கல்லில் ஏற்றுவோம். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் தூசுக் கவசமும் அணிவோம்.

இயந்திரம் நம் நேரத்தை மிச்சப்படுத்தட்டும். ஷெபீல்டுத் தொழிலாளர் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் ஒரு வாளித் தண்ணீரில் காப்பாற்றலாம்.