குலுக்கைப் பூனையும் பெர்சியன் சீட்டும்

கைவிடப்பட்ட பூனைகளைத் தத்துக் கொடுக்கும் இடங்களில் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: இது பெர்சியனா, கிராஸா, நாட்டுப்பூனையா? முடி கொஞ்சம் நீண்டிருந்தால் 'பெர்சியன் கிராஸ்', உடம்பு வெளுத்து முகமும் காதும் கறுத்திருந்தால் 'சயாமீஸ்', சாம்பல் நிறமென்றால் 'ரஷ்யன் புளூ' என்று சீட்டில் எழுதிவிடுகிறார்கள். தாமிரபரணிக் கரையைப் பொறுத்தவரை இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை ஊகம்தான். இந்த மண்ணுக்கு இனம் பிரிக்க நன்றாகவே தெரியும். பூனையிடம் மட்டும் அந்த வேலையை அது ஒருபோதும் செய்ததில்லை.

நெற்பயிரை எடுத்துக்கொள்வோம். அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து 1986-இல் வெளிவந்த ஏ.எஸ்.டி. 16 ரகத்துக்குத் தாய் தகப்பன் யாரென்று எழுத்தில் இருக்கிறது: ஏ.டி.டி. 31, கோ 39. குட்டையாய்த் தடித்த அரிசி எல்லாம் ஏ.எஸ்.டி. 16 ஆகிவிடாது என்பது இட்லிக்கு அரிசி வாங்குகிறவர்களுக்கே தெரியும். நாயிலும் இப்படித்தான். ஆற்றுக்கு வடக்கே கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காட்டில் கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்டவை. ஓடத் தெரியாத நாய்க்கு அங்கே வேலை இல்லை. அதனால் எந்தப் பெட்டைக்கு எந்தக் கடுவனைச் சேர்ப்பது என்பதை மனிதர்கள் தீர்மானித்தார்கள். குட்டிகளை விற்காமல் சொந்தபந்தத்துக்குள்ளேயே கொடுத்துவந்தார்கள் என்றும், கன்னி நாயைப் பெண்ணுக்குச் சீதனமாக அனுப்பினார்கள் என்றும் சொல்வதுண்டு. காகிதம் இல்லாவிட்டாலும் கணக்கு இருந்தது.

பூனையிடம் எதிர்பார்த்தது வேறு. கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைந்த வாய்க்கால் பாசன வயல்களில் வரப்புதோறும் எலிவளை. அறுத்து வீட்டுக்கு வந்த நெல் குலுக்கையில் கிடக்கும்போது எலியும் கூடவே வந்துவிடும். எலியைப் பிடித்தால் போதும், வந்த பூனை எதுவானாலும் சரி. ஓட்டம், உயரம், மூக்கின் கூர்மை என்று அதில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. தேர்ந்தெடுக்க நினைத்தாலும் நடக்காது. பருவத்துக்கு வந்த பெட்டை இரவில் ஓட்டின்மேல் நின்று கத்தினால் தெருவில் உள்ள கடுவன்கள் அத்தனையும் வந்துசேரும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கே வெவ்வேறு தகப்பன் இருக்கலாம். இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கலந்த உயிரிடம் போய் 'நீ எதற்கும் எதற்கும் பிறந்த கலப்பு?' என்று கேட்பதில் அர்த்தமில்லை. கலப்பு என்றால் முதலில் கலக்காத இரண்டு இருந்திருக்க வேண்டும்.

பூனைக்கு இனம் வகுக்கும் பழக்கமே புதியது. 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வியர் நடத்திய கண்காட்சிக்குப் பிறகுதான் எந்தப் பூனை எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகளும், பிறப்பைப் பதியும் பதிவேடுகளும் பெருகின. இன்று பெர்சியன் எனப்படுவது அந்தப் பதிவேட்டில் வம்சம் எழுதப்பட்ட பூனை. நீளமுடி அதன் தனிச்சொத்து அல்ல. நீளமுடி தரும் மரபணு ஒடுங்கு வகையைச் சேர்ந்தது. குட்டைமுடியுள்ள தாய் தகப்பன் இரண்டிலும் அது மறைந்திருந்தால் குட்டி பொசுபொசுவென்று பிறக்கலாம். சயாமீஸின் கறுத்த முகத்துக்கும், சாம்பல் நிறத்துக்கும் இதே கதைதான். மேலப்பாளையத்துத் தெருவிலோ கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்திலோ அப்படி ஒரு குட்டி பிறக்க ஈரானிலிருந்தோ சயாமிலிருந்தோ யாரும் வர வேண்டியதில்லை.

நாய்களிடம் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் தத்தெடுக்கப்பட்ட 20 நாய்களின் இனத்தைக் காப்பகங்கள் கண்ணால் பார்த்து எழுதியதையும் மரபணுச் சோதனை சொன்னதையும் 2009-இல் ஒப்பிட்டபோது பெரும்பாலானவற்றில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. நாய்க்கே இந்தக் கதி என்றால், இனத்துக்கு இனம் உருவ வேறுபாடு மிகக் குறைந்த பூனைக்குக் கேட்கவே வேண்டாம்.

சப்பை மூக்கும் உருண்டைக் கண்ணுமாக ஒன்று வந்தால் அதைப் பெர்சியன் என்று சொல்லக்கூடாதா என்று கேட்கலாம். சொல்லலாம். செல்லப்பிராணிக் கடைகளில் முகத்தின் சப்பைக்கு ஏற்ப டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் என்று விலை பிரித்து விற்ற பூனைகளும் தெருவுக்கு வரத்தான் செய்கின்றன. அந்த வம்சத்தில் சிறுநீரக நீர்க்கட்டி நோய் பரம்பரையாக உண்டு என்பதால் மருத்துவருக்கு அந்தத் தகவல் பயன்படும். ஆனால் அதற்கு ஸ்கேனும் மரபணுச் சோதனையும் இருக்கின்றன. மூச்சுத் திணறலும் கண்ணில் வடியும் நீரும் சப்பை முகத்தால் வருபவை, முகத்தைப் பார்த்தே கவனிக்கலாம். சாதாரண முகமும் நீளமுடியும் உள்ள பூனைக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. கன்னியையும் சிப்பிப்பாறையையும் எழுத்துப் பதிவு இல்லாத காலத்திலேயே இனம் என்று ஏற்றோமே, பூனைக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? உண்மையில் அந்த இரண்டும் தனித்தனி இனமா, ஒரே நாயின் இரு நிறமா என்ற தகராறு இன்னும் ஓயவில்லை. கறுப்புடம்பில் பழுப்போ வெளுப்போ இருந்தால் கருங்கன்னி, பால்கன்னி என்பார்கள், செவலையைச் சிப்பிப்பாறை என்பார்கள். ஆனால் அந்தத் தகராறு நடப்பதே யாரோ சேர்க்கையைக் கவனித்து வந்ததால்தான். பூனை விஷயத்தில் தகராறு செய்வதற்குக்கூட நினைவில் ஒன்றுமில்லை.

'பெர்சியன் கிராஸ்' என்று எழுதினால் சீக்கிரம் வீடு கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கலாம். வளர்ந்தபிறகு எதிர்பார்த்த முகம் வராமல், திரும்பவும் அதே வாசலில் விடப்படுவதும் அதே பூனைதான். சீட்டில் செவலை, வரி, சாம்பல் என்று நிறம், முடி குட்டையா நீளமா, கடுவனா பெட்டையா, உத்தேச வயது, கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் ஆயிற்றா என்று எழுதினால் எடுத்துப் போகிறவருக்கு வேண்டியது அத்தனையும் வந்துவிடும்.