ஊவா மலைநாட்டில் வழிகாட்டியும் சந்தோசமும்

இலங்கை வழக்கிலே ‘சந்தோசம்’ என்ற சொல்லுக்கு மகிழ்ச்சி என்பதோடு வேறொரு பொருளும் உண்டு. வழிகாட்டியவருக்கும் பெட்டி சுமந்தவருக்கும் பேசிய கூலிக்கு மேலாகக் கையில் வைத்து அழுத்தும் காசுக்குச் சந்தோசம் என்று பெயர். கூலியே பேசாத இடத்தில் கூலிக்கு ஈடாக நிற்பதும் அதுவே. சிங்களம் பேசுவோரும் இதே சொல்லை இதே பொருளில் வழங்குகின்றனர். தமிழகத்தார் இனாம் என்பர். அஃது அரபு மொழிச் சொல். கீழை நாடுகளுக்கு வந்த ஐரோப்பியர் பக்சீஸ் என்று எழுதிவைத்தது பாரசீகச் சொல். இம்மூன்றிலும் சந்தோசம் என்பதே நயமானது. கொடுப்பவருடைய சந்தோசமா, வாங்குபவருடைய சந்தோசமா என்று அது சொல்வதில்லை. தொகை எவ்வளவு என்று வாங்குபவர் வாய் திறந்து கேட்கலாகாது என்ற குறிப்பும் அந்த நயத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

தீவைச் சுற்றிப்பார்க்க வருவோர் கடற்கரையில் சில நாளும் மலையில் சில நாளும் கழிப்பது வழக்கம். மலைப்பகுதியில் அவர்கள் விரும்பிச் செல்லும் இடங்களுள் பல பதுளை மாவட்டத்தில் உள்ளன. பதுளு ஓயா விழுகின்ற துன்ஹிந்த அருவி, 1921இல் கட்டி முடிக்கப்பட்ட தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம், எல்லக் கணவாய், ஹப்புத்தளைக்கு அப்பால் லிப்டன் சீட் ஆகியன அவற்றுட் சில. இவ்விடங்களில் வழிகாட்டிக்கு எவ்வளவு கொடுப்பது முறை என்று பயணிகள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வர். கேள்வி எளியது. ஆனால் ஊவாவில் வழிகாட்டியவருக்கு யார், எதை, எவர் கணக்கில் கொடுத்தார் என்று பின்னோக்கிப் பார்த்தால், இருநூறு ஆண்டு வரலாறு அதன் பின்னால் நிற்பது தெரியவரும்.

கண்டி அரசர் காலத்தில் மலைநாட்டுப் பாதைகள் வேண்டுமென்றே ஒடுக்கமாக விடப்பட்டிருந்தன. பகைவர் படை எளிதில் ஏறிவரலாகாது என்பதே நோக்கம். அத்தகைய நாட்டிலே வழி தெரிந்தவர் இன்றி எவரும் நடக்க இயலாது. ஆயினும் வழிகாட்டுதலும் சுமை தூக்குதலும் அங்கே கூலிக்குரிய தொழில்கள் அல்ல. அவை இராஜகாரியம், அதாவது அரசனுக்குச் செய்ய வேண்டிய கடமை. 1818இல் ஊவாக் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர் அரசனை நீக்கினாரேயன்றி, அரசனுக்குரிய இக்கடமையை உடனே நீக்கினாரில்லை. தங்கள் பெட்டிகளைச் சுமப்பதற்கு அது வசதியாயிருந்தது. தேசாதிபதி பிரவுன்றிக்கின் மருத்துவராயிருந்த ஜோன் டேவி 1819இல் ஊவாவினூடே பயணம் செய்து, 1821இல் தம் நூலை வெளியிட்டார். மலை, மண், நீர், மக்கள் என அனைத்தையும் அளந்து எழுதிய அந்நூல் இன்றும் படிக்கத்தக்கது. அத்தகைய பயணங்களைத் தாங்கிய கட்டாய ஊழியம் 1832இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று கூறப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். பதுளையிலுள்ள புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுந்தது. காட்டில் யானையின் தடம் பார்த்து அவரை முன்னே அழைத்துச் சென்றவருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

இனி வருவது இவ்வரலாற்றின் நடுப்பகுதி. ஊவாத் தோட்டங்களில் இன்று வழிகாட்டுவோருள் பலர், ஒரு காலத்தில் இத்தீவுக்கு வழிகாட்டி அழைத்துவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். கோப்பிக் காலத்தில் தமிழகத்து ஊர்களிலிருந்து புறப்பட்ட கூட்டம் படகேறி மன்னார்க் கரையில் இறங்கியது. அங்கிருந்து வடபாதை எனப்பட்ட காட்டு வழியாக மதவாச்சி, தம்புள்ளை ஆகிய இடங்களைக் கடந்து மாத்தளைக்கு நடந்தது. காய்ச்சலும் வாந்திபேதியும் வழி நெடுகிலும் உயிர்களைக் கொண்டன. மாத்தளையை அடைந்தவர்க்கு ஊவா இன்னும் பல நாள் மலைநடைத் தூரத்தில் இருந்தது.

அவர்களுக்கு முன்னே நடந்த வழிகாட்டியே கங்காணி. பெரும்பாலும் அவர் அதே ஊரார்; பலருக்கு உறவினருங்கூட. வழி அவருக்குத் தெரியும். துரையின் மொழியும் ஓரளவு தெரியும். அவரை நம்பி நடந்தனர். ஆனால் அந்த வழிகாட்டலுக்குரிய விலையைச் செலுத்தியவர் துரை அல்லர். படகுச் செலவு, வழிச்சோறு, ஊரில் கடன் தீர்ப்பதற்காகக் கொடுத்த முன்பணம் ஆகிய அனைத்தும் தொழிலாளியின் பெயரிலேயே கடனாக எழுதப்பட்டன. தோட்டத்தில் அவர் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் பெரிய கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. இன்றைய பயணி, தமக்கு வழிகாட்டியவருக்குச் சந்தோசம் கொடுத்துவிட்டு மாலையிலேயே விடுதலை பெறுகிறார். அன்றைய பயணியோ வழிகாட்டிக்குப் பட்ட கடனை ஆண்டுக்கணக்கில் சுமந்தார்; சிலர் பிள்ளைகளுக்கும் வைத்துப்போயினர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு முறை வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டால், வழிநெடுக உணவும் இடமும் தந்து உரிய தோட்டத்துக்கு அனுப்பிவைத்தனர். வழி கேட்க வேண்டுவதில்லை. வில்லையே வழி சொல்லும். செலவு மட்டும் முன்போலவே கணக்கில் ஏறியது. ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குச் செல்ல விரும்பியவர் ‘துண்டு’ என்ற தாளைப் பெறவேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இவரை விடுவிப்போம் என்று அதில் எழுதியிருக்கும். ஒரு மனிதன் நடந்துபோகும் உரிமைக்கு விலை குறித்த தாள் அது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் வந்தது.

இதே காலத்தில் இரும்புப்பாதை மலையேறிக்கொண்டிருந்தது. 1893இல் ஹப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் அது தொட்டது. தேயிலைக் கொழுந்து கீழே இறங்கவே பாதை போடப்பட்டதாயினும், குளிர்காற்றை நாடிய வெள்ளையரும் அதிலே ஏறி வந்தனர். வாடி வீடுகளில் அறைக்கும் உணவுக்கும் கட்டணம் இருந்தது. வழிகாட்டிய சிறுவனுக்கும் கூடை சுமந்த ஆளுக்கும் துரையின் மனமே கட்டணம். கிளாஸ்கோ வணிகர் தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கினார். அவர் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிட்ட மேட்டுக்கே லிப்டன் சீட் என்று பெயர். ஏறக்குறைய 1,970 மீற்றர் உயரமான அவ்விடத்துக்குத் தம்பேத்தென்னத் தொழிற்சாலையிலிருந்து தேயிலை மலைகளினூடே ஏழு கிலோமீற்றர் ஏறவேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின் காட்சி மாறியது. வியப்பான ஒரு முரண்பாடும் தோன்றியது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1966இல் உல்லாசப் பயணச் சபை அமைந்து, தீவின் எழிலை உலகுக்கு விளம்பரம் செய்யத் தொடங்கியது. விளம்பரங்களில் முன்வரிசையில் நின்றவள் தலையில் கூடைக்கயிறு மாட்டிய கொழுந்துப் பெண். அவளையும் அவள் மலையையும் காண விருந்தினர் வந்தனர். அவளுடைய தமையன் அவர்களுக்கு வழிகாட்டினான். அவன் காட்டிய நாடு அவனைத் தன் குடிமகன் என்று ஏற்கவில்லை. இத்துயரம் சட்டப்படி முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்று உரிமம் பெற்ற வழிகாட்டிகள் உள்ளனர்; அவர்களுக்குப் பயிற்சியும் அடையாள அட்டையும் உண்டு. பேசிய கட்டணம் அவர்களுக்குரிய கூலி. அதற்கு மேலே கொடுப்பதே சந்தோசம். பெரிய விருந்தகங்களின் சிட்டையில் பத்து வீதம் சேவைக் கட்டணமாகவே சேர்ந்துவிடுகிறது. சிக்கல் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில்தான் இருக்கிறது. அங்கே வழிகாட்ட வருபவரிடம் அட்டையும் இல்லை, கட்டணப் பட்டியலும் இல்லை. படம் பிடிக்க நின்ற கொழுந்துப் பெண் கை நீட்டினால், சில பயணிகள் முகஞ்சுளிக்கின்றனர். மலைமக்களின் கள்ளமின்மை கெட்டுவிட்டதாம்! நிமிடத்துக்கு நிமிடம் படம் பிடிக்க நிறுத்தப்படுபவளின் கூடை நிரம்புவது எவ்வாறு என்று அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை.

தோட்டத்தில் நாட்சம்பளத்துக்குப் ‘பேர்’ என்று பெயர். குறித்த எடைக்குக் கொழுந்து வந்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்ற சம்பளக் கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் ஏறியபோதும், பேர் போடும் கணக்கு மாறவில்லை. அதிகாலையில் ஒரு விருந்தினரை லிப்டன் சீட்டுக்கு அழைத்துச் சென்று, பனிமூட்டம் ஏறுமுன் கீழே கொண்டுவந்து சேர்க்கும் தொழிலாளி, பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது அங்கே இருப்பதில்லை. செக்றோலில் அன்று அவருக்குப் பேர் விழாது. விருந்தினர் தம் பணப்பையைத் திறந்து எவ்வளவு சந்தோசம் கொடுக்கலாம் என்று யோசிக்கும் வேளையில், அந்த ஒரு நாட்பேர் அவருடைய பக்கத்தில் ஏற்கெனவே செலவாகிவிட்டது.