நெடுந்தீவு: மாரிகாலப் பாதையும் குதிரைகளும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி, வேலணை, புங்குடுதீவு என நீளும் தெருவழி குறிகட்டுவான் துறையோடு முடிவுறும். அப்பால் நெடுந்தீவுக்குப் படகே கதி. வாடைக்கடல் சீறும் மார்கழியில் அதுவும் ஐயத்துக்குரியதே. எனினும் அத்தீவைக் காணத் தக்க பருவம் மாரியே.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தம் நாட்டு நகர்ப்பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டினர்: வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்வ்ற். தீவு மக்கள் எதனையும் ஏற்றிலர்; ஆங்கில வழக்கிற் பெரிதும் நிலைத்தது டெல்வ்ற் ஒன்றே. பெயரினும் ஆழ வேரூன்றியவை குதிரைகள். போர்த்துக்கேயர் கொணர்ந்தனவாகக் கருதப்படும் இவை ஒல்லாந்தராற் பெருக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கில ஆட்சியின் அதிகாரி நோலன் இவற்றின் வளர்ப்பை மேற்பார்த்தார். வளர்ப்புக் கைவிடப்பட்டதும் அவை தாமே இனம்பெருக்கிக் கட்டற்றுத் திரியலாயின. லாயத்தின் சிதைந்த தூண்கள் இன்றும் நிற்கின்றன.

குதிரைகள் மேயும் நிலப்பரப்பை 2015இல் அரசு தேசிய பூங்காவாக அறிவித்தது. ஆயின் எல்லை வகுத்தல் தாகந் தீர்ப்பதன்று. சுண்ணக்கற் பாறைமேல் மெல்லிய மண் போர்த்த இத்தீவில் ஆறில்லை. மாரி நிரப்பும் குளங்களும் துரவுகளுமே உயிர்நீர். அவை முற்றாக வற்றும் ஆண்டுகளிற் குதிரைகள் மடிகின்றன. மார்கழியிற் பச்சையாய் விரியும் அப்புல்வெளி ஆவணியிற் சாம்பல்நிறங் கொள்ளும்.