எறையூரின் இரண்டு ஆலயங்கள்

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் இறங்கிப் பாயும் கிழக்குச் சமவெளியில், உளுந்தூர்பேட்டை வட்டத்தில், எறையூர் அமைந்துள்ளது. பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த இவ்வூர், 1993-இல் விழுப்புரம் மாவட்டத்திற்கும் 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்கும் உரியதாயிற்று. மாவட்டங்கள் மாறினவேயன்றி, புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தில் அதன் இடம் மாறவில்லை. அங்கே செபமாலை அன்னையின் பெரிய ஆலயம் ஒன்று உண்டு. சகாய அன்னையின் பெயரால் மற்றொரு சிற்றாலயமும் உண்டு. ஒரே ஊரில், ஒரே விசுவாசத்தில், ஒரே தாய்க்கு ஏன் இரண்டு ஆலயங்கள் என்று வழிப்போக்கர் ஒருவர் வினவினால், நம்மில் பலர் பேச்சை மாற்றிவிடுவோம்.

வன்னியக் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாகவும் தலித் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையாகவும் வாழும் ஊர் எறையூர். இம்மண்ணின் தலித் மக்களுள் பலருடைய முன்னோர் திருச்சபையை நாடி வந்த காலத்தை நாம் நினைவுகூர வேண்டும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது ஆண்டுப் பஞ்சத்தை ஒட்டிப் புதுவை மறைபரப்புத் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். கஞ்சிக்காக வந்தவர்கள் என்று அவர்களை எள்ளியவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். பசித்தவன் அப்பத்தை நாடி வருவதில் இழிவென்ன இருக்கிறது என்பது நமக்கு விளங்கவில்லை. கஞ்சி மட்டுமே நோக்கமாயின், பஞ்சம் தீர்ந்ததும் அவர்கள் திரும்பிப் போயிருப்பர். அவர்கள் போகவில்லை. ஊர்த் தெருவில் தமக்கு மறுக்கப்பட்ட மதிப்பு, ஒரே பந்தியில் அப்பம் பிட்கும் இக்கூட்டத்திலாவது கிடைக்கும் என்று நம்பினர்.

கிடைத்ததென்ன? எறையூரில் ஆலயத்தினுள் அவர்களுக்குத் தனியிடம்; இறந்தபின் தனிக் கல்லறைத் தோட்டம். பெரிய ஆலயத்திற்குச் செல்லும் முதன்மைத் தெரு வழியே அவர்களுடைய மண ஊர்வலமும் பிண ஊர்வலமும் போக இயலாது. இவை எறையூரின் தனிக் குற்றங்கள் அல்ல. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழும்பிய ஆலயம், வேளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் காணாது வழிபடும்படி இரு கைகளாகப் பிரித்தே கட்டப்பட்டது. 1910-இல் அத்தடுப்பு இடிக்கப்பட்டபோது, அது எங்கள் உரிமை என்று வேளாளர் வழக்காடினர். சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றனர். சுவரை இடிக்க ஒரு நாள் போதும். அது தேவை என்று எண்ணும் மனத்தை எந்த நீதிமன்றம் இடிக்கும்?

உள்ளே இவ்வாறிருக்க, வெளியிலும் ஒரு கதவு சாத்தப்பட்டது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதோரைப் பொதுவாகப் பட்டியல் சாதியினராகக் கொள்ளவில்லை. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அக்கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்து வந்த சூசை என்பவரின் வழக்கை இங்கே சொல்லியாக வேண்டும். பட்டியல் சாதியைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளர்க்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கியது. ஆதிதிராவிடராகப் பிறந்த சூசை கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1985-இல் வந்த தீர்ப்பு நம்மைத் தலைகுனியச் செய்ய வேண்டியது. மதம் மாறிய பின்னும், புதிய சமூகத்தினுள் அதே கடுமையோடு சாதியின் இன்னல் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்று சொல்லி, நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளிற்று. கோவிலுக்குள் அவரைச் சேராதவராக நடத்தினோம். அரசோ அவரைச் சேர்ந்துவிட்டவராகக் கணக்கெழுதியது.

இவ்வாறு இருபுறமும் தள்ளப்பட்டவன் என்ன செய்வான்? நம் இல்லங்களில் துடைப்பம் ஏந்திய படமாகக் காட்சிதரும் புனித மார்ட்டின் தெ போரஸ் நினைவுக்கு வருகிறார். 1579-இல் லீமா நகரில், ஸ்பானியத் தந்தைக்கும் விடுதலை பெற்ற கறுப்பினத் தாய்க்கும் பிறந்தவர் அவர். சாமிநாதர் சபையில் சேர விரும்பினார். ஆனால் அவர் குருதியினர் சபையின் முழு உறுப்பினராக அந்நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை. அவர் பணியாளாக நுழைந்து தரை பெருக்கினார். 1603-இல்தான் வார்த்தைப்பாடு கொடுத்தார். அம்மடமும் செபமாலை அன்னையின் பெயரையே தாங்கியது. 1962-இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. அவருடைய பொறுமையைப் போற்றும் நாம், அந்தச் சட்டத்தைப் பற்றி மறையுரையில் கேட்டது அரிது. தள்ளப்பட்டவனுக்கு மார்ட்டினைக் காட்டித் தாழ்ச்சியைப் போதிப்பது, தள்ளியவனுக்கு மிகவும் வசதியானது.

எறையூர்த் தலித் மக்கள் வேறொரு வழியை நாடினர். அவர்கள் விசுவாசத்தை விட்டு விலகவும் இல்லை, ஒதுக்கிய இடத்தில் ஒடுங்கி இருக்கவும் இல்லை. சகாய அன்னைக்குச் சிற்றாலயம் எழுப்பினர். அதனைத் தனிப் பங்காக்கித் தமக்கென ஒரு குருவைத் தரும்படி கேட்டனர். சாதிக்கொரு பங்கு என்றால் பிரிவினைக்குத் திருச்சபையே முத்திரையிடுவதாகாதா என்ற தயக்கம் நேர்மையானதே. ஆயினும், சேர்ந்திருங்கள் என்று சொல்பவர் சேர்த்துக்கொள்வதற்கு முதலில் வழி செய்திருக்க வேண்டும்.

2008 மார்ச்சில் அக்கோரிக்கைக்காக உண்ணாநோன்பு தொடங்கினர். மார்ச் 9 அன்று கலவரம் மூண்டது. தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் மாண்டனர். அவர்களும் நம் சகோதரரே. வழிவழியாகக் காத்த தெருவுரிமையைத் தம் மானம் என்று கற்பிக்கப்பட்டவர்களின் கூட்டத்தில் அவர்களும் இருந்தனர். அவ்வாறு கற்பித்த பழக்கத்தைக் கண்டும் காணாமல் இருந்தவர் நாம். அன்று தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அவ்வாண்டின் வாசக முறைப்படி, இலாசரைக் கல்லறையிலிருந்து ஆண்டவர் அழைத்த நற்செய்தி வாசிக்கப்படும் நாள்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கும் சற்று முன்னர், 2003 நவம்பரில், உரோமைக்கு வந்த தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இதைக் குறித்தே பேசியிருந்தார். சாதியின் பேரால் பிரிவினை வளர்க்கும் எதுவும் திருச்சபையின் பணிக்குத் தடை என்று கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. திருச்சபையினுள்ளும் சாதிப் பாகுபாடும் தீண்டாமையும் நிலவுவதை அதில் ஆயர்களே ஒப்புக்கொண்டனர். சூசையிடம் நீதிமன்றம் சான்று கேட்டு அப்போது 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.