வயது வரம்பு (பட்டாசு, தீப்பெட்டித் தொழில்)

ஏழாயிரம்பண்ணை, சிவகாசி உள்ளிட்ட விருதுநகர் மாவட்டத் தொழிற்பகுதிகளில் சிறாரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கும் சட்ட வரையறை.

வகைப்பாடு: 14 வயது நிறையாதோர் குழந்தைகள்; 14 முதல் 18 வயது நிறையாதோர் வளரிளம் பருவத்தினர். முன்னவருக்குச் சில விலக்குகள் தவிர எல்லாத் தொழிலும், பின்னவருக்கு வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்களும் தடை.

வரலாறு: 1986ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரைப் பட்டாசு, தீப்பெட்டித் தயாரிப்பில் அமர்த்தத் தடை விதித்தது, குடும்பத்தார் நடத்தும் பட்டறைக்கு விலக்களித்தது. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 10.12.1996 அன்று, சட்டத்தை மீறும் முதலாளி குழந்தை ஒன்றுக்கு ரூ.20,000 செலுத்த ஆணையிட்டது. 2016 திருத்தம் வளரிளம் பருவத்தினரையும் காப்புக்குள் கொண்டுவந்தது.

சிறப்பு: குழந்தைக்கு மாற்றாகக் குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு வேலை, இயலாவிடில் அரசின் பங்காக ரூ.5,000 என்றது 1996 தீர்ப்பு. தடையின் சுமை ஏழைக் குடும்பத்தின்மீது மட்டும் விழாதிருக்க வழிசெய்ததே அதன் நீதி.