ரத்த அணுக்கள் தரும் முன்னெச்சரிக்கை

காய்ச்சலுக்கு மருத்துவர் எழுதித் தரும் முதல் பரிசோதனைகளுள் ஒன்று ரத்த அணுக்களின் எண்ணிக்கை. குறைந்த செலவில் கிடைக்கும் அந்த ஒற்றைத் தாளை நாம் முழுமையாகப் பயன்படுத்துகிறோமா என்பதே, பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என் கேள்வி.

தொற்றை எதிர்க்க வேண்டிய உடலின் தற்காப்பு கட்டுமீறித் தன் உறுப்புகளையே சிதைக்கும் நிலை 'செப்சிஸ்' எனப்படுகிறது. 2017-இல் உலகில் 4.89 கோடி பேர் இதற்கு ஆளாகி, 1.1 கோடி பேர் இறந்ததாக 'லான்செட்' இதழில் 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவ்வாண்டின் மொத்த மரணங்களில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

வெள்ளையணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 12,000-க்கு மேல் உயர்வது மட்டுமல்ல, 4,000-க்குக் கீழே சரிவதும் எச்சரிக்கையே. தட்டணுக்கள் 1.5 லட்சத்துக்கும் கீழே குறைவது உறுப்புப் பாதிப்பைக் கணிக்கும் மதிப்பெண்ணில் சேர்கிறது. நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்ஃபோசைட் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் மற்றொரு குறிப்பு. அதற்குக் கூடுதல் செலவே இல்லை. மோனோசைட் அணுக்களின் உருவளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டும் அளவீட்டுக்கு, அவசர சிகிச்சைக்கு வரும் வயதுவந்தோரிடம் செப்சிஸைக் கண்டறிய உதவியாக, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019-இல் அனுமதி அளித்தது. ஆனால், அதற்கேற்ற பகுப்பாய்வுக் கருவி வேண்டும்.

இவற்றில் எதுவும் தனித்துத் தீர்ப்பு வழங்காது. டெங்குவிலும் தட்டணுக்கள் குறையும். ஸ்டீராய்டு மருந்தாலும் வெள்ளையணுக்கள் கூடும். ரத்த அழுத்தம், மூச்சு வேகம், மனக்குழப்பம், லாக்டேட் அளவு, கிருமி வளர்ப்புச் சோதனை ஆகியவற்றோடு சேர்த்தே மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். எண்ணை மட்டும் நம்பினால் தேவையற்ற ஆன்டிபயாடிக் பெருகும்; எண்ணைப் புறக்கணித்தால் உயிர் போகும்.

தாளவாடியிலிருந்தும் ஆசனூரிலிருந்தும் சத்தியமங்கலம் வர, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். செப்சிஸ் அதிர்ச்சி நிலையில் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். ஆகவே, எச்சரிக்கை மலையடிவாரத்தில் கிடைப்பதைவிட மலைமேல் கிடைப்பதே பயன் தரும்.

அதற்குப் பெருமுதலீடு வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அணு எண்ணும் கருவி பழுதின்றி இயங்க வேண்டும். ஆபத்தான எண்ணைக் கண்டதும் ஆய்வக நுட்பநர் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். நோயாளிகளும் பழைய அறிக்கைகளைப் பாதுகாத்து வைக்க வேண்டும். ஓர் எண்ணைவிட, நேற்றிலிருந்து இன்று அது மாறிய திசையே மருத்துவருக்கு அதிகம் சொல்லும். தகவலின் மதிப்பு, அது உரிய நேரத்தில் உரியவரைச் சேர்வதில்தான் இருக்கிறது.